அடித்துவிட்ட தொழில்கள்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால் டாக்டர், போலீஸ், கலெக்டர்தான். ஒரு பையன் மட்டும் 'அப்பா மாதிரி ஆத்தங்குடிக் கல் போடுவேன்' என்றான் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்). வகுப்பே சிரித்தது. அப்புறம் அவன் வாயே திறப்பதில்லை. இவர்களுக்குப் படிப்பில் எப்படி ஆர்வம் வரவைப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981இல் ஒன்று சொன்னார். 9 முதல் 13 வயதுவரை பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர் எதை மட்டம் என்கிறதோ அதை மனதுக்குள் இருக்கும் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வருகிறார்கள். அன்று உங்கள் வகுப்பில் ஒரு தொழில் அடிபட்டது.

அதனால் 'என்னவாகப் போகிறாய்' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். அந்தப் பையனின் அப்பாவை வகுப்புக்கு அழையுங்கள். (ஒருநாள் கூலி போகும், வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.) கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயக் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு அவர் ஒரு கல் செய்து காட்டட்டும். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. கல்லை ஏன் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், சிமெண்ட் தண்ணீருக்குள் எப்படி இறுகுகிறது என்று யாராவது கேட்பார்கள். அது அறிவியல் பாடம். பத்துக்குப் பத்து அடி அறைக்கு 10 அங்குலக் கல் எத்தனை? 144. அது கணக்குப் பாடம்.

சிமெண்ட் பற்றி இன்னும் கேட்கலாம். கட்டடத்தில் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்ற கேள்விக்கு உங்கள் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சியே நடக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவைத்த இடம். உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது அதன் சுவரைத்தான் பார்த்திருப்பார்கள்.

அப்பன் தொழிலையே செய் என்று நான் சொல்லவில்லை. பர்மாவில் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையன்களாக (தொழில் பழகும் எடுபிடிகளாக) அந்தக் காலத்தில் போனவர்கள் தொழிலைப் பக்கத்தில் இருந்து கற்றார்கள், சரி. வேறு தொழிலைப் பார்க்க யார் விட்டார்கள்?

இன்னொன்று. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு வரும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வருடத்துக்கு 12,000 ரூபாய். வீட்டில் 'படித்து என்ன ஆகப்போகிறது' என்பவர்களிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள்.

அப்பா வருகிற அன்று அந்தக் கண்ணாடியை மட்டும் பையனையே தூக்கிவரச் சொல்லுங்கள்.