நெற்றித் தோலில் ஒரு மூக்கு

கேள்வி: ஆங்கிலேயர் காலத்திலேயே நம் நாட்டில் அறுபட்ட மூக்கைத் தையல்கூடப் போடாமல் திரும்ப வைத்தார்களாமே? தோல் எப்படி ஒட்டியது?
– ஆர்.எம்., திண்டுக்கல்

பதில்: உண்மைதான். ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்பு சுல்தான் தரப்பிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' அந்தச் செய்முறையைப் படத்தோடு வெளியிட்டது. மூக்கு வைத்தவரின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அது பெரிய குறை.

முதலில் மெழுகுத் தகட்டில் மூக்கின் வடிவம் செய்து, எஞ்சிய மூக்கின் மேல் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரித்தெடுக்கும்போது புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுவார்கள். அடுத்து, மூக்கடியில் ஆறிப்போன தழும்பைச் சீவி, அதை ஒட்டி மேலுதடு வரை சுற்றிக் கீறுவார்கள். நெற்றித் தோலை அரைச்சுற்றுத் திருப்பிக் கீழே இறக்கி, அதன் ஓரத்தை அந்தக் கீறலுக்குள் செருகிவிடுவார்கள். செருகிய ஓரம் நகராது. அதனால்தான் தையல் தேவைப்படவில்லை.

மேலே, வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். நான்கு நாள் அதுதான் கட்டு. பிறகு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் மெல்லிய துணி வைப்பார்கள். ஏறத்தாழ 25-ஆம் நாள் பட்டையை அறுப்பார்கள். இவ்வளவும் மயக்க மருந்தே இல்லாத காலத்தில்!

கேள்வி: அந்தப் பட்டை எதற்கு? தோலைத் தனியாகவே வெட்டி ஒட்டியிருக்கலாமே?
– கே.எஸ்., கும்பகோணம்

பதில்: ஒட்டியிருந்தால் கறுத்துச் செத்திருக்கும். அடியில் ரத்தம் ஊறும் சதை இருந்தால் மெல்லிய தோல் பிழைத்துக்கொள்ளும். இங்கே தோல் தடிப்பு, அடியில் வெறும் பள்ளம். எனவே ஓரங்களில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும்வரை புருவத்தருகே ஏறிவரும் தமனிதான் பட்டை வழியாகத் தோலுக்குச் சோறு போடுகிறது. பட்டையை இறுக்கி முறுக்கினால் முதலில் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைதான் அடைபடும். தோல் ஊதா நிறமாகி வீங்கும். தமனியே அடைபட்டால் வெளுத்துச் சில்லிட்டுப் போகும்.

1814-இல் லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் இதே முறையில் அறுவை செய்து, 1816-இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகே ஐரோப்பாவில் இது பரவியது.

கேள்வி: இந்த மூக்கு நிலைக்குமா?
– வாசகி, மதுரை

பதில்: தோல் நிலைக்கும், வடிவம்தான் கெடும். உட்பக்கம் தோல் இல்லாவிட்டால் பச்சைப்புண் ஆறும்போது சுருங்கித் துளைகளை இழுத்து மூடிவிடும். பழங்கால ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத் தோலை எடுத்து மூக்கு வைக்கும் முறை இருக்கிறது; அதிலேயே துளை திறந்திருக்க இரண்டு குழல்களைச் செருகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றும் நெற்றித் தோலைத்தான் எடுக்கிறோம். ஆனால் முதலில் உட்தோலைச் சரிசெய்து, காது அல்லது விலா எலும்புப் பகுதியின் குருத்தெலும்பால் தாங்கல் கொடுத்துவிட்டே அதை மேலே போர்த்துகிறோம். பட்டையைப் பெரும்பாலும் மூன்று வாரத்தில் அறுக்கிறோம். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் சாகும் ஆபத்து அதிகம். சில வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். நெற்றி குறுகலாக இருந்தால் தலைமுடி உள்ள தோலும் சேர்ந்து வரும். அப்போது மூக்கு நுனியில் முடி முளைக்கும். அதைப் பின்னர் லேசரில் நீக்கிக்கொள்ளலாம்.