கேளுங்கள் சொல்கிறோம்: ஹீலியத்துக்குள் ஆடும் கம்பி

கே: அமெரிக்காவில் தெற்கு டகோட்டா சுரங்கத்தில், பூமிக்கடியில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், டன் கணக்கில் திரவ செனானை (குளிர வைத்துத் திரவமாக்கிய கனமான வாயு) வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் டார்க் மேட்டருக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் சிக்காதது இங்கிலாந்துக்காரர்களின் துளியூண்டு ஹீலியத்தில் சிக்கிவிடுமா? (கரூர் வாசகர்)

ப: சிக்கும் என்று அவர்களே சத்தியம் செய்யவில்லை. ஆனால் இங்கே விஷயம் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதில் இல்லை, அணுவின் கனத்தில் இருக்கிறது. கோலிக்குண்டை அம்மிக்கல் மேல் விட்டெறிந்தால் குண்டுதான் தெறித்து ஓடும், அம்மி அசையாது. இன்னொரு குண்டின் மேல் அடித்தால் அதுவும் உருளும். செனான் அணுக்கரு புரோட்டானைப் போல ஏறக்குறைய 130 மடங்கு கனம், ஹீலியத்தின் லேசான வகையான ஹீலியம்-3 வெறும் 3 மடங்கு. தேடுகிற டார்க் மேட்டர் துகள் புரோட்டானைவிட லேசாக இருந்தால் செனானுக்கு உறைக்கவே உறைக்காது. லங்காஸ்டர், ராயல் ஹாலோவே, ஆக்ஸ்ஃபோர்டு, சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் குவெஸ்ட்-டிஎம்சி சோதனை குறிவைப்பது அந்த லேசான துகள்களைத்தான்.

கே: சரி, மோதியது எப்படித் தெரியும்? (தேனி வாசகர்)

ப: இதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற தனிச்சுழியிலிருந்து ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகாத அளவுக்கு ஹீலியம்-3ஐக் குளிர வைக்கிறார்கள் (விண்வெளியே தனிச்சுழிக்கு மேல் 2.7 டிகிரி, இதோடு ஒப்பிட்டால் அடுப்படி!). அப்போது அணுக்கள் ஜோடி சேர்ந்து, உராய்வே இல்லாத மீப்பாய்மமாகிவிடும். அதற்குள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத) கம்பி ஒன்றை ஆட விடுகிறார்கள், தடுக்க ஆளில்லாததால் அது சுகமாக ஆடும். ஏதாவது ஒன்று வந்து மோதினால் சில ஜோடிகள் உடையும், உடைந்தவை கம்பியில் போய் முட்டும், ஆட்டம் கொஞ்சம் தளரும். அந்தத் தளர்ச்சியை ஸ்குவிட் என்ற குவாண்டம் உணரியை வைத்து அளந்தால் எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். தலைவலி என்னவென்றால், வானத்திலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிரும் சுற்றியுள்ள உலோகத்தின் கதிரியக்கமும் இதே மாதிரி ஜோடிகளை உடைக்கும், அவற்றைச் சலித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

கே: பலூனில் அடைக்கிற ஹீலியம்தானா இது? (திருச்சி வாசகர்)

ப: இல்லை, அது ஹீலியம்-4. ஹீலியம்-3 பூமியில் அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். பெரும்பாலும் அணுகுண்டுக்காகத் தயாரித்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்துதான் கிடைக்கிறது. 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதன் மீப்பாய்ம நிலையைக் கண்டுபிடித்த மூவருக்கு நோபல் பரிசு வர 1996 ஆகிவிட்டது.