கிர்க்கின் ஒரு கடவுள்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கை மகளோடு சேர்ந்து பார்த்து வருகிறேன். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோ தன்னை வணங்கச் சொல்கிறான். "மனிதகுலத்துக்குக் கடவுள்கள் தேவையில்லை" என்கிறார் விண்கலத்தின் கேப்டன் கிர்க். சபாஷ் என்று நினைப்பதற்குள் "இருக்கிற ஒருவரே எங்களுக்குப் போதும்" என்று முடித்துவிடுகிறார். எனக்கு ஏமாற்றம். என் நண்பரோ, தணிக்கை இருந்ததால்தான் அந்த எழுத்தாளர்கள் நுட்பமாக எழுதக் கற்றார்கள் என்கிறார். உங்கள் கருத்து?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. நுட்பம் வந்தது உண்மைதான், ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

நம்மூர் சினிமாவுக்கு இருப்பதுபோல அரசுத் தணிக்கை வாரியம் எதுவும் அங்கே இல்லை. தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனமே ஒரு பிரிவை வைத்து ஒவ்வொரு திரைக்கதையையும் படித்தது. விளம்பரதாரர்கள் விலகிவிடக் கூடாது, ஊர் ஊராக இருந்த உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்துவிடக் கூடாது. இந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்றால், வேற்றுகிரகப் பாத்திரமான ஸ்பாக்கின் கூர்மையான காதுகள் சாத்தானை நினைவூட்டும் என்று கருதி, தொடரை விற்க அச்சடித்த கையேட்டின் படங்களில் அவற்றை மழுக்கிவிட்டார்கள்.

அப்படியானால் எந்தக் கடவுளைக் கேள்வி கேட்கலாம்? கும்பிட ஆளில்லாத அப்பல்லோவைக் கேட்கலாம். வேறு கிரகத்து மக்கள் வணங்கும் லாண்ட்ரூ, வால் போன்ற இயந்திரங்களைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தின் கடவுளை மட்டும் தொடக்கூடாது. 1968இல் வந்த 'பிரெட் அண்ட் சர்க்கஸஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரோம் போன்ற ஒரு கிரகத்தில் அடிமைகள் வணங்குவது சூரியனை அல்ல, தேவகுமாரனை என்று கடைசியில் கப்பல் அதிகாரி உஹுரா சொல்ல, கிர்க் மனம் நெகிழ்கிறார். அதை எழுதிய இருவரில் ஒருவர் தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரி, பிற்காலத்தில் தன்னை மதம் சாராத மனிதநேயர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். கப்பலில் ஒரு பாதிரியாரை வைக்கச் சொல்லி சேனல் கேட்டதாகவும், தான் மறுத்ததாகவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதே காலத்தின் 'ட்விலைட் ஸோன்' தொடரில் ராட் செர்லிங் 1961இல் எழுதிய 'தி அப்சொலீட் மேன்' அத்தியாயத்தில் கடவுள் இல்லை என்று அரசே அறிவிக்கிறது, ஒரு நூலகர் பைபிளோடு எதிர்த்து நிற்கிறார். அருமையான அத்தியாயம். ஆனால் பனிப்போர்க் கால அமெரிக்காவில் அது யாரைப் புண்படுத்தியிருக்கும்?

என் வருத்தம் இதுதான். பழைய ஸ்டார் ட்ரெக்கில் மதத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பக்தர் என்றால் ஏமாளி, கடவுள் என்றால் போலி. சிந்திக்கத் தெரிந்த, சந்தேகப்படவும் தெரிந்த ஒரு பக்தர் அங்கே மையப் பாத்திரமாக வரவே முடியவில்லை. நாத்திகம் பேசவும் வழியில்லை, ஆத்திகத்தை நியாயமாகப் பேசவும் வழியில்லை.

சரி, சேனல் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 1987இல் தொடங்கிய அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடர் உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டது, இடையில் எந்த சேனலும் இல்லை. ஆனாலும் 1989இல் அதன் கேப்டன் பிக்கார்டைக் கடவுளாக்க முயலும் கிராமத்தின் கதையில் நம்பிக்கை என்பது இருண்ட காலத்து மூடத்தனம்தான். இது ரோடன்பெரியின் பார்வை. அவர் 1991இல் மறைந்தார். 1993இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் வந்த பிறகுதான் கிரா போன்ற ஒரு போராளி இயல்பாகப் பிரார்த்தனை செய்கிறாள். பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று அங்கே மதத்தலைவர் வின் தகராறு செய்கிறார், பள்ளியில் குண்டு வெடிக்கிறது. ஆனால் கிராவின் மக்களுடைய நம்பிக்கையைக் கேலி செய்யும் தன் மகனை விண்வெளி நிலையத்தின் தலைவரான கமாண்டர் சிஸ்கோ கண்டிக்கவும் செய்கிறார். மதத்தின் அதிகார வெறியும் அது தரும் ஆறுதலும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. 1967இல் இதைக் கற்பனை செய்யவே முடியாது.

அந்த அத்தியாயத்தின் பெயர் 'இன் தி ஹேண்ட்ஸ் ஆஃப் தி ப்ராஃபெட்ஸ்', முதல் பருவத்தின் கடைசி. மகளோடு அதைப் பாருங்கள். வின்னைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.