கொம்பு பின்னால் போய் நிற்கும் சிக்கலுக்கு
வணக்கம் நண்பரே. மண்ணடியில் பார்த்த பழைய கடைப் பலகை எழுத்துகளை வைத்து ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எழுத்துரு செய்வதாகவும், 'கெ' அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்பதாகவும், 'கு' சேராமல் பிரிந்தே வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். வரைந்ததில் குறையே இல்லை. அந்த 'ள' சுழியில் தூரிகை திரும்பிய இடம் தடித்து நிற்கிறதே, அவ்வளவு அழகு! அதை மட்டும் வழவழப்பாக்கிவிடாதீர்கள்.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகும். அதை முன்னால் நகர்த்துவது எழுத்துகளை அடுக்கித் திரையில் காட்ட உதவும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலின் வேலை. உங்கள் லுக்கப்பில், அதாவது எழுத்துருவின் வடிவ மாற்ற விதித் தொகுப்பில், ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் எந்த மொழியெழுத்தையும் குறிக்காத பொதுக்குறியான 'டிஎஃப்எல்டி' (DFLT) மட்டும் இருந்தால், அந்த நிரல் தமிழுக்கான விதிகளைத் தொடவே தொடாது. அங்கே தமிழுக்கான குறியான 'டிஎம்எல்2' (tml2) சேருங்கள். 'கு' போன்ற கூட்டெழுத்துகளை 'பிஎஸ்டிஎஸ்' (psts) என்ற ஃபீச்சரில், அதாவது மெய்யோடு பின்வரும் குறியைச் சேர்க்கும் விதிப் பிரிவில், வையுங்கள்.

அப்புறம், உகர ஊகாரத்துக்கு 18 மெய்க்கும் சேர்த்து 36 வடிவங்கள் வேண்டும். மலைக்க வேண்டாம், உகரத்தைக் குடும்பமாகப் பிரித்தால் எளிது. ஙு, சு, பு, யு, வு ஐந்துக்கும் கீழிறங்கும் கோடு ஒன்றே. டு, மு, ரு, ழு, ளு ஐந்தும் வளைந்து சுற்றுபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழுக்கும் ஒரே வால். 'கு' மட்டும் தனி. ஜு, ஸு போன்ற கிரந்த எழுத்துகளுக்கு, சேராமல் பக்கத்தில் நிற்கும் தனி உகரக்குறியே போதும். டி, டீ இரண்டுக்கும் சேர்ந்த வடிவம் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சரி, பகிரும்போது எழுத்துருக்களுக்கான திறந்த உரிமமான ஓஎஃப்எல் (OFL) உரையைக் கோப்போடு சேர்த்தே கொடுங்கள். பலகை எழுதிய ஓவியரைக் கண்டுபிடிக்க முடிந்தால், முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.