ஆறடித் தொட்டியும் மாடி ஹாலும்

கேள்வி: மாடி ஹாலில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் நாங்களே மீன் தொட்டி ஒட்டலாம் என்றிருக்கிறோம். 8 எம்.எம். கண்ணாடி போதும் என்கிறார் கடைக்காரர். வாய்க்காலில் பிடிக்கும் மீனைத்தான் விடுவேன் என்கிறான் பையன். சரிப்படுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கண்ணாடி இருக்கட்டும், முதலில் மாடியைப் பார்ப்போம். விளிம்புவரை நிரப்பினால் தண்ணீரே 680 லிட்டர். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 900 கிலோ. இவ்வளவும் உட்காருவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில். வீடுகளுக்கு கான்கிரீட் தளம் போடும்போது சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்கு வைப்பார்கள். தேக்கு உத்திரம் போட்ட பழைய மச்சு என்றால் பேச்சே வேண்டாம். தொட்டியைக் கீழே வையுங்கள்.

கீழேயும் ஒரு சங்கதி உண்டு. நம் பக்கத்துக் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். தரை ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டாண்டின் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அரை அங்குலத் தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள்.

8 எம்.எம். போதாது. நீளப் பக்கக் கண்ணாடி ஒன்றைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை மட்டும் சுமார் 340 கிலோ. நான் இந்த அளவுக்கு 12 எம்.எம். தான் போடுவேன், மேல் விளிம்பில் குறுக்குப் பட்டையும் சேர்த்து. ஓரங்களைக் கடையிலேயே பாலிஷ் செய்து வாங்குங்கள்.

சிலிக்கானில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கென்று விற்பது வேண்டும், பூசும்போது வினிகர் வாடை அடிக்கும். ஓரத்தை அசிட்டோனால் துடைத்தபின் விரல் படக்கூடாது. சிலிக்கான் முழுக்கப் பிதுங்கும்படி அழுத்தவும் கூடாது, நடுவில் மெல்லிய படலம் நிற்க வேண்டும். ஒட்டியதும் கண்ணாடி வழியே ஒட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளிக் கம்பிபோல் எங்காவது மினுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அப்போதே பிரித்து ஒட்டுங்கள். ஒரு வாரம் காயட்டும். பிறகு வாசலில் வைத்து நிரப்பி, கசிவு பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். கண்ணாடி மட்டுமே 120 கிலோவுக்குமேல், நாலு ஆள் வேண்டும்.

நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வையுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும்.

இனி பையனின் மீன். சின்னக் கெண்டைகள் கூட்டமாக ஓடும், ஆறடித் தொட்டிக்கு அழகு. ஜிலேபிக் கெண்டை வேண்டாம், மணலைத் தோண்டி மற்றதை விரட்டும். அயிரை மணலில் புதைந்துகொள்ளும். வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்பார்கள். விரால்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதை மட்டும் வளர்க்கட்டும். துள்ளி வெளியே விழும், மூடியின்மேல் ஒரு செங்கல் வைக்கச் சொல்லுங்கள்.