சல்வா ஜூடும் தீர்ப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2025 துணை ஜனாதிபதி தேர்தல் சமயத்திலிருந்தே உங்களிடம் கேட்க நினைத்தது இது. எங்கள் ஊர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் போட்டியிட்டதால் அந்தத் தேர்தலை உன்னிப்பாகக் கவனித்தோம். சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு பழங்குடிகளுக்கே ஆயுதம் கொடுத்து நிறுத்திய இயக்கம் சல்வா ஜூடும். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர் எதிர்த்து நின்ற முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டி. அந்தத் தீர்ப்பு வராமல் இருந்திருந்தால் நக்சல் பிரச்சினை 2020-க்குள்ளேயே முடிந்திருக்கும் என்று உள்துறை அமைச்சர் சொன்னார். நீங்களோ அந்தத் தீர்ப்பைப் பாராட்டியிருந்தீர்கள். இன்று மாவோயிஸ்டுகளை ஒடுக்கியிருப்பது உள்ளூர்ப் பையன்களும் சரணடைந்தவர்களும் சேர்ந்த டி.ஆர்.ஜி. (மாவட்ட ரிசர்வ் கார்டு) என்ற சத்தீஸ்கர் போலீஸ் படைதானே? காட்டை அறிந்தவன் கையில் ஆயுதம் இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று ஆகிவிட்டதே? தன் அப்பாவை மாவோயிஸ்டுகளுக்குப் பறிகொடுத்த பையன் வந்து துப்பாக்கி கேட்டால் அரசு என்ன சொல்லவேண்டும்?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். போலீசுக்குத் துப்பு கொடுத்தார் என்று குற்றம்சாட்டி மாவோயிஸ்டுகள் கொன்ற ஆட்களின் பிள்ளைகள் சத்தீஸ்கரின் தெற்கு பஸ்தர் பகுதியில் நிறையவே இருந்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை வைத்து அரசு என்ன செய்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

2011 ஜூலை 5-ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பை நேரம் கிடைத்தால் முழுசாகப் படியுங்கள். அதில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பகுதி, சத்தீஸ்கர் அரசே தாக்கல் செய்த பயிற்சி விவரம். எஸ்.பி.ஓ. எனப்பட்ட சிறப்புக் காவலர் வேலைக்கு ஐந்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு முன்னுரிமை. மொத்தப் பயிற்சி இரண்டு மாதம். தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் எல்லாம் சேர்த்து 24 பாடவேளை. மனித உரிமையும் அரசியலமைப்பும் 12. தடயவியல் 6. பாடவேளை என்றால் ஒரு மணி நேரம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு கோயா பழங்குடிப் பையன் 24 மணி நேரத்தில் சட்டம் படித்து, எப்போது சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்று தெரிந்துகொண்டுவிடுவான் என்று ஓர் அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது! சம்பளம் கிடையாது, மாதம் 3000 ரூபாய் மதிப்பூதியம். அதில் 80 சதவீதம் மத்திய அரசின் பணம். அப்போது எஸ்.பி.ஓ.க்கள் 6500 பேர். 173 பேர் ஏற்கெனவே செத்திருந்தார்கள். இதுவும் அரசு கொடுத்த கணக்குதான்.

அந்தப் பையன்கள் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு ராணிபோட்லி ஒன்று போதும். 2007 மார்ச்சில் மாவோயிஸ்டுகள் அங்கிருந்த காவல் முகாமைத் தாக்கி 55 பேரைக் கொன்றார்கள். அதில் பெரும்பாலானவர்கள் எஸ்.பி.ஓ.க்கள். முறையான காவலருக்கு உள்ள பணிப் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை. மாவோயிஸ்டுகளின் முதல் குறியும் அவர்கள்தான், ஏனென்றால் அவர்கள் பக்கத்து ஊர்ப் பையன்கள், முகம் தெரிந்தவர்கள். அப்பாவை இழந்த பையன் கேட்டு வந்தால் அரசு கொடுக்கவேண்டியது பாதுகாப்பு, வழக்கு, விசாரணை. அதையெல்லாம் விட்டுவிட்டு அவனையே முன்னால் நிறுத்தியது.

சரி, 2020 கணக்குக்கு வருவோம். சல்வா ஜூடும் 2005-இல் தொடங்கியது. முன்னின்றவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காங்கிரஸின் மகேந்திர கர்மா, துணை நின்றது ரமன் சிங்கின் பாஜக அரசு. தீர்ப்பு வரும்வரை ஆறு வருடம் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அந்த ஆறு வருடத்தில்தான் மாவோயிஸ்டுகள் அதுவரை இல்லாத பலத்துக்கு வந்தார்கள். பஸ்தரின் தாட்மெட்லா பக்கம் ஒரே நாளில் பாதுகாப்புப் படையினர் 76 பேரைக் கொன்றது 2010 ஏப்ரலில். நாடு முழுக்க நக்சல் வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதே 2010-இல்தான். அதற்குப் பின் எண்ணிக்கை இறங்கியது. தீர்ப்பினால் இறங்கியது என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் தீர்ப்புதான் கெடுத்தது என்பதற்கு இந்த வருடங்கள் இடம் கொடுக்கவில்லை.

ஏன் பலம் கூடியது? சல்வா ஜூடும்காரர்கள் ஊர்களைக் காலி செய்து மக்களை நெடுஞ்சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவந்தார்கள். தோர்ணாபால், எர்ராபோர் எல்லாம் அப்படி உருவான முகாம்கள். முகாமுக்கு வந்தவன் அரசின் ஆள், வராமல் ஊரில் தங்கியவன் மாவோயிஸ்ட். வீடு எரிந்தவனுக்குப் போக இரண்டே வழிதான் இருந்தது, உள்காடு அல்லது அன்றைய ஆந்திர எல்லை. எல்லை தாண்டியவர்களைத்தான் தெலங்கானாவில் இன்று குத்தி கோயா என்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. காட்டோரத்தில் குடிசை போட்டால் வனத்துறை வந்து பிடுங்குகிறது.

காட்டை அறிந்தவன் வேண்டும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆந்திரத்தில் 1989-இல் உருவான கிரேஹவுண்ட்ஸ் படைக்கும் காட்டுப் போர்தான். ஆனால் அது முறையான போலீஸ், நல்ல சம்பளம், கடுமையான பயிற்சி. அவர்கள்மேலும் போலி மோதல் புகார்கள் உண்டு. ஆனால் புகார் எழுந்தால் அந்த ஆள் தன் ஆள் இல்லை என்று அரசு கைகழுவ முடியாது. டி.ஆர்.ஜி.யும் ஏட்டளவில் முறையான போலீஸ்தான். 2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜுவைக் கொன்றது அவர்கள்தான், சரி. அதே வருடம் ஜனவரியில் பிஜாப்பூரில் கண்ணிவெடியில் இறந்த எட்டு வீரர்களில் ஐந்து பேர் முன்னாள் மாவோயிஸ்டுகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சரணடைந்தவனுக்கு ஆயுதத்தை விட்டு விலகி வாழும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறதா? எனக்கு இதில் பெரிய கவலை இருக்கிறது.

அப்புறம் அரசியல். இப்படிப்பட்ட படைகள் வேலை முடிந்ததும் கலைந்து வீட்டுக்குப் போவதில்லை. காஷ்மீரில் சரணடைந்த தீவிரவாதிகளை வைத்து அரசு ஆதரவோடு இயங்கிய இக்வான் படையின் தலைவர் குக்கா பர்ரே 1996-இல் சட்டமன்ற உறுப்பினரே ஆனார். 2003-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மகேந்திர கர்மாவை 2013 மே மாதம் ஜீரம் பள்ளத்தாக்கில் மாவோயிஸ்டுகள் கொன்றார்கள். பஸ்தரிலும் படை கலையவில்லை, தீர்ப்பு வந்த அதே வருடம் சத்தீஸ்கர் அரசு ஒரு புதுச் சட்டம் போட்டு எஸ்.பி.ஓ.க்களைத் துணை ஆயுதக் காவலர் படையாக மாற்றிக்கொண்டது. 2011 மார்ச்சில் தாட்மெட்லாவில் வீடுகள் எரிந்த வழக்கில் 2016-இல் சிபிஐ சிறப்புக் காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது என்ன நடந்தது தெரியுமா? பஸ்தரின் ஊர்களில் சீருடை அணிந்த காவலர்களே தெருவுக்கு வந்து, சல்வா ஜூடுமுக்கு எதிராக வழக்குப் போட்ட சமூகவியலாளர் நந்தினி சுந்தரின் கொடும்பாவியை எரித்தார்கள். ஒரு குடிமகள் நீதிமன்றம் போனதற்காக, மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய சீருடையில் இதைச் செய்தார்கள். அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

இன்னொன்று. இதை ஒரு நீதிபதியின் தனிப்பட்ட சாய்வு என்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சுதர்சன் ரெட்டியோடு நீதிபதி நிஜ்ஜரும் சேர்ந்து கொடுத்தது. அதற்கு முன்பே, 2008-இல், தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் அமர்வும் தனி ஆட்கள் கையில் ஆயுதம் கொடுப்பதை அரசிடம் கண்டித்துக் கேட்டிருக்கிறது.

சத்தீஸ்கர் போட்ட அந்தப் புதுச் சட்டம் நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பழைய மனுக்களை முடித்துவைத்தது. ஆனால் அந்த மக்களின் மறுவாழ்வுக்கும் அமைதிக்கும் மாநிலமும் மத்திய அரசும் பொறுப்பு என்று அதே உத்தரவில் இருக்கிறது. எரிந்த வீடுகளுக்கு இழப்பீடும், தெலங்கானாவில் இருப்பவர்கள் விரும்பினால் திரும்பிவர நிலமும் அதில் அடங்கவேண்டும். உள்துறை அமைச்சரிடம் கேட்கவேண்டியது இதைத்தான்.