முதல்ல மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தீங்களா? – கேள்வி பதில்

(ராமநாதபுரம் கடலோர ஊர்களில் பல வருசம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொன்ன பதில்கள்.)

கீழக்கரை, 26 வயது: அக்கா, மச்சான் துபாய்லேருந்து 40 நாள் லீவுல வர்றாங்க. எந்த நாள்ல சேர்ந்தா நிக்கும்?

நல்ல கேள்வி தங்கச்சி. எல்லாரும் தலைக்குக் குளிச்ச நாள்லேருந்து எண்ணிட்டு இருக்காங்க. கணக்கை அடுத்த மாதவிலக்குலேருந்து பின்னாடி எண்ணணும். அது வர்றதுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடிதான் கருமுட்டை வெளியாகும். 28 நாள் சுழற்சின்னா 14ஆம் நாள், 35 நாள்னா 21ஆம் நாள் பக்கம். முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான். விந்தணு உள்ளே அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும். அதனால முட்டை வெளியாகிற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும் முக்கியம். அதுலயும் கடைசி ரெண்டு மூணு நாள் ரொம்ப முக்கியம். அந்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தினமும்னாலும் தப்பில்ல. "சேர்த்து வச்சாத்தான் வலு" என்கிறதெல்லாம் பேச்சு.

வெள்ளைப்படுறது கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு இழுபட்டா நாள் நெருங்கிருச்சுன்னு அர்த்தம். மெடிக்கல்ல கிடைக்கிற அண்டவிடுப்பு ஸ்ட்ரிப்ல கோடு அழுத்தமா விழுந்தா, ஒண்ணு ஒன்றரை நாளுக்குள்ள முட்டை வரும். மூணு மாசத் தேதியைக் காலண்டர்ல குறிச்சுட்டு அப்புறம் டிக்கெட் போடச் சொல்லுங்க. நாள் தள்ளாம வர்றவங்களுக்கு 40 நாள்ல ஒரு தடவை நிச்சயம் அமையும், ரெண்டும் அமையலாம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், அவங்க வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தொடங்குங்க. சர்க்கரையோ வலிப்போ இருந்தா அளவை டாக்டர் சொல்லணும். வந்த முதல் வாரத்துலயே மச்சானுக்கு ஒரு விந்துப் பரிசோதனை.

தொண்டி, 23 வயது: கல்யாணமாகி 4 மாசம். மாமியார் தினமும் கேக்குறாங்க.

ஒரு வருசம் வரைக்கும் பொறுக்கலாம். 35 தாண்டினவங்களுக்குத்தான் ஆறு மாசம். மாமியாருக்குப் பதில் சொல்றது என் துறை இல்ல.

பாம்பன், விசைப்படகு டிரைவர்: என் வீட்டுக்காரிக்கு மூணு ஸ்கேன் பார்த்தாச்சு, குறை இல்லங்கிறாங்க. எஞ்சின் சூடு ஆகாதுன்னு சொல்றாங்களே, நிசமா?

அவளுக்கு மூணு ஸ்கேன், உங்களுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்ல! குழந்தை தங்காத தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். சூடு நிசம்தான் தம்பி. விதைப்பை உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருந்தாத்தான் விந்தணு நல்லா உருவாகும். பீடியும் புகையிலையும் அதுக்கு மேல. ஒரு அணு உருவாகி வெளிய வர ரெண்டரை, மூணு மாசம் ஆகும். ஏப்ரல் 15ல தொடங்குற மீன்பிடித் தடைக்காலத்துல வீட்ல இருக்கப்போறீங்கன்னா ஜனவரியிலேயே பீடியை நிறுத்துங்க.

அதே டிரைவர்: எங்க அண்ணனும் அதே எஞ்சின்கிட்டதான் நிக்கிறார். மூணு பிள்ளை.

அண்ணனுக்கு மூணு பிள்ளைன்னா அது அண்ணனோட ரிசல்ட், உங்களோடது இல்ல. ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மேல போகாம விலகி இருந்துட்டு மாதிரி கொடுங்க. ஒரு மில்லியில 1.6 கோடி அணு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கணக்குல கீழ்வரம்பு. அதுக்குக் கீழ வந்தா முடிஞ்சுபோச்சுன்னு இல்ல, மேல வந்தா உறுதின்னும் இல்ல. ஒரு தடவை குறைஞ்சா இன்னொரு தடவை பார்ப்பாங்க.

ராமேஸ்வரம், படகுக்காரர் வீடு: நடுவுல வர்றேன் அக்கா. எங்க தெருப் பிள்ளைங்க பாதிக்குத் தை மாசியிலதான் பிறந்தநாள். எல்லாம் தடைக்காலத்துல தங்குனது. சூடாவது ஒண்ணாவது, ஆம்பள வீட்ல இருந்தாப் போதும்!

தேதிக்கணக்கு சரியா வருதும்மா. ஏப்ரல் நடுவுலேருந்து ஜூன் 14க்குள்ள தங்குனா தை மாசியிலதான் பிறக்கும். ஆனா தெருவுல யாராவது எண்ணிப் பார்த்தீங்களா? எண்ணாம பாதின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வீட்ல இருந்தாப் போதும்னா வருசம் பூரா வீட்லயே இருக்கிற வாத்தியாருங்க எதுக்கு எங்ககிட்ட வந்தாங்க?

அதே டிரைவர்: எங்க வம்சத்துல யாருக்கும் குறையில்ல.

வம்சத்தை லேப்ல வாங்க மாட்டாங்க, உங்க மாதிரியைத்தான் வாங்குவாங்க. போயிட்டு வந்து பேசுங்க.

தேவிபட்டினம்: நாகதோஷம்னு சொல்றாங்க. நவபாஷாணக் கோயில்ல பரிகாரம் பண்ணலாமா?

பண்ணுங்க, மனசுக்கு நல்லது. தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. பரிகாரம் சொன்னவர் கையோட டப்பாவுல பேரில்லாத லேகியம் கொடுத்தா வாங்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு கொடுக்கிறவருக்கே தெரியாது.

மண்டபம்: மீன் ஆகுமா?

சூடை, நெத்திலி, சாளை தாராளமா. சுறா வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும். சுறாப்புட்டு இப்போதைக்கு வீட்ல மத்தவங்களுக்கு.

தங்கச்சிமடம்: சேர்ந்ததும் காலைத் தூக்கி வச்சுப் படுக்கணுமா?

இதே கேள்வி நாலஞ்சு பேர் கேட்டாச்சு. வேண்டாம். எழுந்து போகலாம், குளிக்கலாம், ஒண்ணும் கொட்டிப்போகாது.

ஏர்வாடி, 29 வயது: சினைப்பையில நீர்க்கட்டி. எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது.

உங்களுக்கு நாள் கணக்கு உதவாது, ஸ்ட்ரிப்பும் ஏமாத்தும். எடை கூடியிருந்தா நூத்துக்கு அஞ்சு, பத்துக் குறைச்சாலே பலருக்கு முட்டை வர ஆரம்பிக்கும். மாத்திரை தேவைப்பட்டா டாக்டர் ஸ்கேன் பார்த்துக் கொடுக்கணும், அடுத்த வீட்டுப் பொண்ணோட சீட்டைக் காட்டி வாங்காதீங்க. மாப்பிள்ளைக்கு டெஸ்ட்? அதை எழுதவே இல்லையே.

பேர் ஊர் போடாதவர்: ஆம்பளப் பிள்ளை பிறக்க என்ன செய்யணும்?

அடுத்த கேள்வி.

தொண்டி: 35 நாளுக்கு ஒரு தடவை வருது. 14ஆம் நாள் சேர்றோம், தங்கல.

கீழக்கரைத் தங்கச்சிக்குச் சொன்னதைப் படிங்க. 21.

முந்தல், 37 வயது: ஒரு வருசமாச்சு. சின்ன வயசுல டிபிக்கு மருந்து சாப்பிட்டேன். டெஸ்ட் டியூப் பேபிக்குப் போகணுமா?

அதை நான் சொல்லக்கூடாது, டாக்டர் சொல்லணும். ஆனா நீங்க இனிமே காத்திருக்க வேண்டாம், இந்த மாசமே போங்க. டிபி சில பேருக்குக் கருக்குழாயை அடைச்சிரும். அடைப்பிருக்கான்னு பார்க்க மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க. டிபி வந்ததை நீங்களா சொல்லுங்க, அவங்க கேக்குற வரைக்கும் இருக்காதீங்க. தனியார் மையம்னா 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு இருக்கான்னு கேளுங்க. பழைய சீட்டெல்லாம் ஒரே பையில போட்டு, அவரையும் கையோட கூட்டிட்டுப் போங்க.